தற்செயலாகச் செத்துப்போன நரிகள்

டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் விருந்து இன்னும் செரிக்காத வயிற்றோடு, இங்கிலாந்தின் சின்னச் சின்ன ஊர்களின் சந்தைத் திடல்களில் கனவான்கள் குதிரையேறி நிற்கிறார்கள். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சராய், கையில் சாட்டை. கிளம்புமுன் ஆளுக்கொரு மிடறு போர்ட் ஒயின். கீழே முப்பது நாற்பது நாய்கள். குழந்தைகள் நாய்களைத் தடவிக்கொடுக்கிறார்கள், பாட்டிமார் கைதட்டுகிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார். நாயை ஏவி நரியைக் கொல்வது இந்த நாட்டில் 2005 பிப்ரவரி 18 முதல் குற்றம் என்று அந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லவும் கூடாது. ஏனென்றால் இவர்கள் நரி வேட்டைக்குப் போகவில்லை. துணி வேட்டைக்குப் போகிறார்கள்.

ஆமாம், துணி. நரி மூத்திரத்தில் தோய்த்த கந்தல் ஒன்றை ஒருவர் முன்னால் இழுத்துக்கொண்டு போவார். நாய்கள் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு ஓடும். கனவான்கள் பின்னால் குதிரையில் வேலி தாண்டுவார்கள். ரத்தம் இல்லை, சாவு இல்லை. தட வேட்டை என்று பெயர். சட்டம் வந்த பிறகு பிறந்த அகிம்சை விளையாட்டு. காந்தி இருந்திருந்தால் தனக்கும் ஒரு குதிரை கேட்டிருப்பார்.

சோம்பு எண்ணெய் மாதிரி ஏதாவது ஒரு வாசனையை இழுத்துப் போய் அதன்மேல் நாய் விடுகிற பழைய விளையாட்டும் அங்கே உண்டு. அதில் நரி சாவதில்லை. அப்படியென்றால் அதையே ஆடிவிட்டுப் போகலாமே? கூடாதாம். நரியின் வாடைதான் வேண்டுமாம். அதையும் நரி குடியிருக்கும் புதர்களின் ஓரமாகத்தான் இழுத்துப் போக வேண்டுமாம். அங்கே நிஜ நரி ஒன்று எழுந்து ஓடினால்? நாய்கள் அதைத் துரத்திப் பிடித்துக் கிழித்தால்? ஐயோ பாவம், தற்செயல்.

இந்தத் துணி வேட்டையின் பின்னாலேயே குவாட் பைக்கில் இரண்டு மூன்று ஆட்கள் வருவார்கள். வண்டியில் மண்வெட்டி, வலை, பெட்டிக்குள் ஒரு டெரியர் நாய். நரி ஓடி வளைக்குள் பதுங்கினால் இவர்களுக்கு வேலை வரும். மற்ற வாய்களை அடைத்துவிட்டு, கழுத்தில் ரேடியோக் கருவி கட்டிய டெரியரை உள்ளே விடுவார்கள். இருட்டுக்குள் நாயும் நரியும் மூஞ்சிக்கு மூஞ்சி நிற்கும். மேலே ஒருவர் கருவியைத் தரையோடு வைத்து ‘பீப் பீப்’ சத்தம் கேட்டு இடம் குறிப்பார், மற்றவர் வெட்டுவார். இது நரி வேட்டையின் காலத்து வேலை. இப்போது இவர்கள் வேலி பழுதுபார்க்க வருகிறவர்களாம். இருக்கட்டும். ஒரே ஒரு சந்தேகம்: துணியைத் தேடும் வேட்டைக்கு டெரியர் எதற்கு? துணி ஓடிப்போய் வளைக்குள் ஒளிந்துகொள்ளுமா?

அடுத்த வண்டியில் ஒரு கழுகு வரும். வேட்டையைத் தடைசெய்த அந்த 2004-ஆம் வருஷச் சட்டத்தில், வேட்டைப்பறவையைக் கொண்டு பிடிப்பதற்காக நாயை விட்டு விலங்கைக் கிளப்பலாம் என்று ஒரு விலக்கு உண்டு. உடனே நம் கனவான்களுக்குப் பறவைகள் மேல் திடீர்ப் பாசம் பிறந்தது. ஃபிட்ஸ்வில்லியம் என்கிற பெயர்பெற்ற வேட்டைக் குழு, தாங்கள் கொண்டுபோன பொன்கழுகைக் காட்டி இந்த விலக்கைக் கோரியது. 2018-ல் பீட்டர்பரோ நீதிமன்றம் அந்தக் கதையை ஏற்காமல் குழுவின் வேட்டைக்காரரைத் தண்டித்தது. எக்ஸ்மூர் பக்கம் போனால் மான் வேட்டைக் குழுக்கள் அதைவிடப் படித்தவை. காட்டு விலங்கை ‘அவதானித்து ஆராய’ இரண்டு நாய் வரை பயன்படுத்தலாம் என்று இன்னொரு விலக்கு இருக்கிறதல்லவா? அந்த ஊர் மான்கள் எல்லாம் ஆராய்ச்சிக்காகவே ஓடுகின்றன. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இங்கே மான்தோலிலிருந்து ஆராய்ச்சி வடிகிறது.

அப்படியே மாட்டிக்கொண்டாலும் என்ன போச்சு? ஹெய்த்ராப் வேட்டைக் குழுவைப் பாருங்கள். முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன் ஒரு காலத்தில் இவர்களோடு குதிரையேறியவர். 2012-ல் இந்தக் குழு நரியைச் சட்டவிரோதமாக வேட்டையாடியதை ஒப்புக்கொண்டது. அபராதம் 4,000 பவுண்டு. அந்த வட்டாரத்தில் ஒரு நல்ல வேட்டைக் குதிரை அந்த விலைக்குக் கிடைக்காது. நீதிபதிக்கும் அன்று அதிர்ச்சிதான். அபராதம் இவ்வளவு அற்பமா என்று அல்ல, வழக்கு நடத்திய விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ. 3 லட்சத்து 26 ஆயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்துவிட்டதே என்று!

‘நரி தொல்லை தரும் பிராணி, கோழியைத் தின்கிறது, ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது, நாங்கள் விவசாயிக்குத் தொண்டு செய்கிறோம்’ என்பது இவர்களின் பழைய பல்லவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் லெடன்ஹால் சந்தையில் நரி விற்றார்கள். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த உயிருள்ள நரிகள். வாங்கியவர்கள் யார்? தொல்லைப் பிராணியை ஒழிக்கப் புறப்பட்ட இதே வேட்டைக் குழுக்கள். உள்ளூரில் துரத்த நரி போதவில்லையாம். அந்தக் காலத்தில் வேட்டை நடக்கும் வட்டாரத்தில் ஒரு பண்ணைக்காரன் தன் கோழியைக் காக்க நரியைச் சுட்டுவிட்டால் ஊர் முகத்தில் விழிக்க முடியாது; கனவான்களின் கண்ணில் அது கொலைக்குச் சமம். நரி குடியிருக்க மண்ணுக்கடியில் குழாய் பதித்துச் செயற்கை வளைகளும் கட்டிக்கொடுத்தார்கள். கொசுவை ஒழிக்கிறவன் வீட்டுக்குள் குட்டை வெட்டுவானா? 2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி வந்து வேட்டை பத்து மாதம் நின்றது. அப்போது எடுத்த கணக்கு ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது: வேட்டை இல்லாததால் நரி பெருகிவிடவில்லை. தொண்டு நின்றது, விவசாயிக்கு ஒன்றும் ஆகவில்லை.

1999-ல் பர்ன்ஸ் பிரபு தலைமையில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. நாய்க்கூட்டம் துரத்திக் கொல்வது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று அந்தக் குழு கண்டறிந்தது. நாற்பது நாய் சேர்ந்து கிழித்தால் உடம்புக்கு ஆகாது என்று சொல்ல ஒரு பிரபு தேவைப்படுகிற நாடு அது.

அடுத்து, நாய்ப் பாசம். தடைச் சட்டம் வந்தபோது இவர்கள் வடித்த கண்ணீரில் தேம்ஸ் கரை புரண்டது: ‘வேட்டை போனால் எங்கள் நாய்களின் கதி என்ன? சுட்டுக்கொல்ல வேண்டிவரும்!’ ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கு இவர்களைப் பார்த்தால் வெட்கம் வந்திருக்கும். வேட்டைநாய்க்கு ஆறு ஏழு வயதாகி ஓட்டம் குறைந்தால் அதற்குக் கிடைக்கும் பென்ஷன் துப்பாக்கிக் குண்டு. காலங்காலமாக நடப்பது இது. தடை வந்து கற்றுக்கொடுத்ததல்ல.

இளம் நாய்களுக்கு எப்படிப் பாடம் நடக்கிறது என்பதையும் ஒரு கேமரா காட்டியது. 2016-ல் தெற்கு ஹெரிஃபோர்ட்ஷயர் வேட்டைக் குழுவின் நாய்க்கொட்டடியில் விலங்கு ஆர்வலர்கள் ரகசியமாக வைத்த கேமரா. ஒரு ஆள் நரிக்குட்டிகளை நாய்கள் இருக்கும் கொட்டடிக்குள் கொண்டுபோகிறான். பிறகு குட்டிகளின் பிணங்கள் குப்பைத்தொட்டியில் விழுகின்றன. குட்டிகள் எந்தத் துணியின் பின்னாலும் ஓடவில்லை. தற்செயல் என்று சொல்லக்கூட இடமில்லை. 2019-ல் தண்டனை வந்தது. சிறைதான், ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட சிறை. குற்றவாளிகள் வீட்டுக்குப் போனார்கள்.

‘கிராமத்து வாழ்க்கையை அழிக்காதே’ என்பது கடைசி அஸ்திரம். 2002 செப்டம்பர் 22 அன்று லண்டனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர்வலம் போனார்கள். சுதந்திரமும் பிழைப்பும் என்பது கோஷம். 2004 செப்டம்பரில் சிலர் நாடாளுமன்ற அவைக்குள்ளேயே புகுந்தார்கள். கிராமத்தின் மேல் அவ்வளவு உயிர். சரி, பிழைப்புக் கணக்கைப் பார்ப்போம். வேட்டைக் குழுக்களிடம் நேரடியாக வேலை பார்த்தவர்கள் 700 பேர் அளவில், சார்ந்திருந்த வேலைகள் எல்லாம் சேர்த்து 6,000 முதல் 8,000 என்றது அதே பர்ன்ஸ் குழு. அந்த ஊர்வலம் போய்ப் பதினோரு வருஷம் கழித்து, 2013-ல், இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கூலி நிர்ணயித்துவந்த வாரியத்தைக் கேமரன் அரசு இழுத்து மூடியது. தாட்சர் காலத்தையும் தாண்டி உயிரோடிருந்த வாரியம் அது. மாடு கறப்பவன், டிராக்டர் ஓட்டுபவன், உருளைக்கிழங்கு தோண்டுபவன் எல்லாரும் கிராமத்து வாழ்க்கைதானே? அவர்களுக்காக எந்த நான்கு லட்சம் பேர் லண்டனுக்கு வந்தார்கள்? எவர் அவைக்குள் பாய்ந்தார்? கிராமம் என்றால் இவர்களுக்குக் குதிரையின் முதுகிலிருந்து தெரிகிற அளவுதான். கீழே நிற்கிறவன் அதில் வருவதில்லை.

சட்டத்தைக் கொண்டுவந்த டோனி பிளேரும் 2010-ல் வந்த தன் நினைவுக்குறிப்புகளில், தான் கொண்டுவந்த உள்நாட்டுச் சட்டங்களில் மிகவும் வருந்துகிறவற்றில் இது ஒன்று என்று எழுதினார். அதே புத்தகத்தில், ஈராக் மீது போர் தொடுத்த முடிவுக்காக வருந்த முடியாது என்கிறார். நரியைக் காப்பாற்றியதுதான் அவருடைய மனச்சாட்சியை உறுத்துகிறது.

வெள்ளைக்காரர்கள் இந்த விளையாட்டை நம் மண்ணுக்கும் கொண்டுவந்தார்கள். ஊட்டியில் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிக்கு மெட்ராஸ் கவர்னர் வென்லாக்கின் பெயரைச் சூட்டி, இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலேற்றி வந்து, அந்த ஊர் நரி இங்கே கிடைக்காததால் நம்மூர் நரியைத் துரத்தினார்கள். வேட்டைக்குத் தலைமை தாங்கியவர்களின் பெயர்ப்பலகை ஊட்டி கிளப் சுவரில் தொங்குகிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் விலங்கு வதை எப்போதுமே குற்றம்தான். செய்கிறவன் ஏழையாக இருந்தால். 1723-ல் வந்த ‘கறுப்புச் சட்டம்’, முகத்தில் கரி பூசிக்கொண்டு மான் திருடுகிறவனுக்குத் தூக்கு என்றது. 1835-ல் காளையையும் கரடியையும் கட்டிவைத்து நாய் விடும் விளையாட்டைத் தடைசெய்தார்கள். சேவல் சண்டையையும் சேர்த்துத் தடைசெய்தார்கள். சரியான சட்டம்தான். ஆனால் அன்று ஏழையின் கையிலிருந்த நாயைப் பிடுங்கியவர்கள், கனவானின் நாய்க்கூட்டத்தைத் தொட இன்னும் 169 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். தொட்டபோதும் மேலவை மறித்துக்கொண்டு நின்றது. 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்களைப் போட்டுத்தான் நிறைவேற்ற முடிந்தது.

முயலை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலுக்கு அருகே ஆல்ட்காரில் 1836 முதல் 2005 வரை வாட்டர்லூ கோப்பை என்று ஒரு பந்தயம் நடந்தது. ஒரு முயல், துரத்த இரண்டு நாய்கள், சுற்றிலும் பிரபுக்களும் பந்தயப் பணமும். அது விளையாட்டு. இன்று லிங்கன்ஷயர் வயல்களில் ஜீப்பில் வந்து திருட்டுத்தனமாக முயல்மேல் நாய் விடுகிறவர்கள் ரவுடிகள். தட்டிக்கேட்கும் விவசாயியை மிரட்டுகிறார்கள், வேலியை நொறுக்குகிறார்கள். அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2022-ல் வந்த சட்டம், அடுத்தவர் நிலத்தில் நுழைந்து முயல்மேல் நாய் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, வரம்பில்லாத அபராதம், இனி நாயே வளர்க்கக்கூடாது என்ற தடை என்று அடுக்கியது. விலங்கை ஓட ஓட விரட்டிக் கொல்வது அவ்வளவு பெரிய குற்றம் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் 2004-ஆம் வருஷ வேட்டைச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். சிறை என்ற பேச்சே கிடையாது. எத்தனை நரியைக் கிழித்தாலும் அபராதம் மட்டும்தான். என்ன வித்தியாசம்? முன்னவன் அத்துமீறி நுழைந்தவன், பின்னவன் நிலத்துக்காரரின் அனுமதியோடு வந்தவன் என்பார்கள். அடிக்கடி அந்த நிலத்துக்காரரே முன்னால் குதிரையில் வருகிறவர். நரிக்கும் முயலுக்கும் பட்டா பார்க்கத் தெரியாது. கடிக்கும் பல் ஒன்றுதான். கோட்டின் நிறத்தைப் பார்த்துத் தண்டனையை அளக்கிற சட்டத்துக்கு அந்த ஊரில் நாகரிகம் என்று பெயர்.

2024 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி, தட வேட்டையையும் தடைசெய்வோம் என்று வாக்குக் கொடுத்தது. நல்லது. ஆனால் இருபது வருஷமாகத் தடையைத் தின்று கொழுத்தவர்களுக்கு இன்னொரு தடை இன்னொரு வேளைச் சோறு. புதிய சட்டம் மூன்று காரியம் செய்ய வேண்டும். ‘தற்செயல்’ என்று கைவிரிக்கிறவன் அதைத் தன் செலவில் நிரூபிக்கட்டும். கழுகும் ஆராய்ச்சியும் பட்டியலிலிருந்து போகட்டும். லிங்கன்ஷயர் வயலில் முயல்மேல் நாய் விடுகிறவனுக்கு இருக்கும் அதே ஆறு மாதம், சிவப்புக் கோட்டுக்காரருக்கும் இருக்கட்டும். சிறையில்லாத தடைக்குத் தடை என்று பெயர் வைக்காதீர்கள். அது பணக்காரர்களுக்கு அரசாங்கம் விற்கும் வேட்டைச் சீட்டு.