பேச்சைத் தட்டாத பங்காளிகள்

பிள்ளை வளர்ப்பில் அத்தினாபுரத்து அரண்மனையை மிஞ்ச எந்த வீட்டாலும் முடியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு பங்காளிகள். ஒருவர் பெரியவர்கள் சொன்னதைத் தட்டியதே இல்லை. மற்றவர், தான் சொன்னதைப் பெரியவர்கள் தட்டாதபடி பார்த்துக்கொண்டார். எப்படிப் பார்த்தாலும் மறுபேச்சு என்பதே இல்லாத குடும்பம்!

தருமர் சதசிருங்க மலையில் பிறந்தவர். பாண்டு காட்டிலேயே இறக்க, மாத்ரியும் உடன் போய்விட, குந்தி ஐந்து பிள்ளைகளோடு மூத்தார் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். தகப்பன் இல்லாமல் பெரியப்பா வீட்டில் சாப்பிடும் பிள்ளை முதலில் கற்பது 'சரிங்க பெரியப்பா' என்ற சொல்லைத்தான். அந்தப் பாடத்தில் தருமரைப்போல் தேறியவர் கிடையாது. வாரணாவதத்தில் திருவிழா, போய் இருந்துவிட்டு வா என்றார் பெரியப்பா திருதராட்டிரன். உள்நோக்கம் புரிந்தும், தாயையும் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு அரக்கு மாளிகையில் குடியேறினார். விதுரர் குறிப்பாக எச்சரித்து, சுரங்கம் வெட்ட ஆளும் அனுப்பியிராவிட்டால், அந்தக் கீழ்ப்படிதல் அங்கேயே முழுமை பெற்றிருக்கும். பிறகு பாகம் பிரித்தபோது காண்டவப்பிரஸ்தம் என்ற காட்டைக் கொடுத்தார்கள். அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். கணக்குக் கேட்டால் பெரியப்பா மனம் புண்படுமே!

அம்மா விஷயத்தில் இன்னும் ஒரு படி மேல். பிள்ளைகள் பாஞ்சாலியைக் கூட்டிவந்தபோது, என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பாராமலே 'பகிர்ந்துகொள்ளுங்கள்' என்றாள் குந்தி. பார்த்ததும் அவளே பதறிப்போனாள். ஆனால் பாஞ்சாலியின் தகப்பன் துருபதன் சபையில் அந்தச் சொல்லைத் தூக்கிப் பிடித்தவர் தருமர்தான். பாஞ்சாலியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு அவள் என்ன, வீட்டுக்குப் பெரியவளா?

துரியோதனன் வளர்ந்த விதம் வேறு. அவன் பிறந்த அன்றே விதுரர் இந்தக் குழந்தை வேண்டாம் என்றார். திருதராட்டிரன் மறுத்தார். மறுப்பதற்கு அவருக்கு இருந்த சக்தி முழுவதும் அன்றோடு தீர்ந்துபோயிருக்க வேண்டும். மகனிடம் அதன்பிறகு அது எடுபட்டதே இல்லை. இந்திரப்பிரஸ்தத்து மண்டபத்தில் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்துவிட்டு வந்த மகன், பங்காளியின் செல்வத்தை எண்ணி வெளிறிப்போய், செத்துவிடுவேன் என்றான். தருமருக்குச் சூதாட அழைப்பு கிளம்பியது. ஆனாலும் அவனைக் குறை சொல்லக் கூடாது. அப்பாவை மீறி எதையும் அவன் செய்ததில்லை. அரக்கு மாளிகைக்கு அனுப்பியதும் அப்பா வாயால், சூதுக்கு அழைத்ததும் அப்பா பெயரால். தகப்பனின் அதிகாரத்தை இவ்வளவு உபயோகப்படுத்திய மகன் உண்டா?

அந்த அழைப்பைக் கொண்டுபோன விதுரரிடம், சூது சண்டையில்தான் முடியும் என்று தருமரே சொன்னார். சொல்லிவிட்டுக் கிளம்பினார். பெரியப்பா கூப்பிட்டால் போகாமல் இருப்பதா! நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், தன்னை வைத்தார், அப்புறம் பாஞ்சாலியை வைத்தார். 'ஜெயித்தாச்சா, ஜெயித்தாச்சா' என்று பெரியப்பா ஆவலை அடக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நெருப்பு கொண்டுவா, அண்ணன் கையைக் கொளுத்துகிறேன் என்று பீமன் ஒருவன்தான் துள்ளினான். அர்ச்சுனன் அடக்கிவிட்டான். குடும்ப மானம் தப்பியது. பாஞ்சாலியின் சேலையைப் பற்றி இழுத்தது அதற்குப் பிறகு.

தன்னைத் தோற்றவர் என்னை எப்படி வைக்கலாம் என்று பாஞ்சாலி கேட்டாள். தருமம் நுட்பமானது, பதில் சொல்ல முடியவில்லை என்றார் பீஷ்மர். அம்புப் படுக்கையில் கிடந்தபோது அதே தருமத்தைப் பற்றி அவர் இரண்டு பருவங்கள் முழுக்கப் பேசினார். பாட்டனாருக்குப் பேச வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. துரியோதனனின் தம்பி விகர்ணன் மட்டும் இது அநியாயம் என்றான். பெரியவர்கள் இருக்கும் சபையில் சின்னப் பையனுக்கு என்ன பேச்சு என்று கர்ணன் அதட்டி உட்காரவைத்தான். மிகச் சரி.

தோற்றதையெல்லாம் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். பாதி வழியில் மறுபடி ஆள் வந்தது: பெரியப்பா இன்னொரு ஆட்டம் ஆடச் சொல்கிறார். தருமர் தேரைத் திருப்பினார். இந்த முறை 12 ஆண்டு காடு, ஓர் ஆண்டு தலைமறைவு.

குருக்ஷேத்திரத்தில் படைகள் எதிரெதிரே நின்றபோதும் தருமர் முறை தவறவில்லை. கவசத்தைக் கழற்றிவிட்டு நடந்துபோய், பீஷ்மர் காலைத் தொட்டு, உங்களோடு போரிட அனுமதி கொடுங்கள், உங்களை வெல்லும் வழியும் சொல்லுங்கள் என்று கேட்டார். தாத்தா மகிழ்ந்து ஆசி கொடுத்தார். துரியோதனனோ, போருக்கு முன் பெற்ற தாய் சபைக்கு வந்து புத்தி சொன்னபோது எழுந்து வெளியே போனான். அவனை வளர்த்தவர்கள் அதற்காக வருத்தப்பட நியாயமில்லை. இருந்து கேட்கும் பழக்கத்தை யாரும் அவனுக்குக் கற்றுத்தரவில்லை.

18 நாளில் திருதராட்டிரனின் 100 பிள்ளைகளும் போனார்கள். பாஞ்சாலியின் 5 பிள்ளைகளும் போனார்கள். பெரியப்பா மட்டும் சௌக்கியமாக இருந்தார். அதன்பிறகும் 15 ஆண்டுகள், அவரைக் கலந்துகொள்ளாமல் தருமர் எந்தக் காரியமும் செய்யவில்லை.