மொய் நோட்டு

சிக்கனம் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் ஆடி மாதத்தில் வடகாடு, கீரமங்கலம் பக்கம் வராமலிருப்பது நல்லது. காலையில் மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பைக் கால் கிலோவாகக் குறைத்த அக்கா, மதியம் மொய் விருந்துப் பந்தலில் ஐயாயிரம் எழுதிவிட்டு ஆட்டுக்கறிச் சோற்றில் கை வைத்திருப்பார். கேட்டால், "செலவா? அவுக நமக்குச் செஞ்சது, திருப்பணும்ல" என்பார்.

கல்யாணம், காதுகுத்து என்று காரணம் தேடும் சிரமம் இங்கே கிடையாது. பல பேர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே சமையல், ஒரே பிளக்ஸ். மொய் எழுத மட்டும் ஆளுக்கொரு மேஜை. சிக்கனம் வேறெப்படி இருக்கும்? ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்யவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கூடுதலுக்குப் பெயர் 'புது நடை'. வட்டி என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அடுத்த ஆடியில் வசூலும் சாய்ந்தது. பீரோவில், நிலப்பத்திரத்துக்கும் அடியில் இருந்த மொய் நோட்டு மட்டும் நனையவேயில்லை.

மாதாந்திர பட்ஜெட்டைச் செல்போனில் போடும் வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் கேட்டார்: "அத்தே, இதைச் சேமிப்புன்னு போடறதா, கடன்னு போடறதா?"

"மொதல்ல ஐந்நூறு கூட்டிப் போடுங்க மாப்ளே. பேரு அப்பறம் வச்சுக்கலாம்."