34 ஓட்டு

கே: இந்தியக் கால்பந்தை நடத்துவது மத்திய அரசுதானே?

ப: இல்லை. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். 1937ல் தொடங்கிய ஒரு பதிவு பெற்ற சங்கம். உங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் எப்படியோ அப்படித்தான். தண்ணீர் லாரிக்குப் பதில் தேசிய அணி. அதேபோல் அங்கேயும் சண்டை தேர்தல் சமயத்தில்தான்.

கே: நாற்பது வருஷமாக ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறேன். சம்மேளனத் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டா?

ப: உங்களுக்கென்ன, 2022 தேர்தலில் ஆடுகிறவர்களுக்கே இருக்கவில்லை. அப்போது ஓட்டு மாநிலச் சங்கங்களுக்கு, தலைக்கு ஒன்று. மோகன் பகானையும் ஈஸ்ட் பெங்காலையும் வைத்திருக்கும் மேற்கு வங்கத்துக்கும் ஒன்று, மேட்சுக்குக் கூட்டமே வராத மாநிலத்துக்கும் ஒன்று. 2022 செப்டம்பரில் இந்திய அணியின் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா தலைவர் பதவிக்கு நின்றார். மொத்தம் 34 ஓட்டு. கல்யாண் சௌபேக்கு 33, பூட்டியாவுக்கு 1. ஆட்டோகிராஃப் கேட்டிருந்தால் 34 பேரும் வரிசையில் நின்றிருப்பார்கள்.

கே: சௌபேயும் கால்பந்து வீரர்தானே?

ப: கோல்கீப்பர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கால்பந்து வீரரும் அவர்தான். பாரதிய ஜனதா சார்பில் மக்களவைத் தேர்தலில் நின்றவர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அவருக்கு முன் பிரஃபுல் படேல், அவருக்கு முன் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி. இருவருமே மத்திய அமைச்சர்களாக இருந்தவர்கள்.

கே: 2022ல் ஃபிஃபா ஏன் இந்தியாவைத் தடை செய்தது?

ப: படேலின் மூன்றாவது பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. தேசிய விளையாட்டு விதித்தொகுப்பின்படி அதற்கு மேல் நீடிக்க முடியாது. ஆனால் தேர்தல் நடக்கவில்லை. சம்மேளனத்தின் விதிமுறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். வழக்கு நடந்த அழகில் இன்னும் பத்து வருஷம்கூட ஓட்டியிருக்கலாம். 2022 மே மாதம் நீதிமன்றமே அவர்களை இறக்கிவிட்டு, மூவர் குழுவிடம் சாவியைக் கொடுத்தது: ஓய்வுபெற்ற நீதிபதி அனில் தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் குரேஷி, முன்னாள் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலி.

தேர்தலில் மாநிலப் பிரதிநிதிகளுக்குச் சமமாக 36 முன்னாள் வீரர்களுக்கும் ஓட்டு என்ற யோசனை வந்தது. எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஃபிஃபாவுக்குப் படவில்லை. சுதந்திர தினக் கொடியை இறக்கிய கையோடு தடை உத்தரவு வந்து சேர்ந்தது. 'மூன்றாம் தரப்புத் தலையீடு' என்றார்கள். மாட்டியது யார் தெரியுமா? ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்கள் அணி. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பினார்கள். அக்டோபரில் இங்கே நடக்க வேண்டிய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையும் ஊசலாடியது. நீதிமன்றம் குழுவைக் கலைத்தது. ஆகஸ்ட் 26ல் தடை நீங்கியது. ஒரு வாரத்தில் தேர்தல். ஓட்டு மாநிலங்களுக்கு மட்டும்!

கே: அப்படியென்றால் சம்மேளனத்தை யாருமே தட்டிக்கேட்க முடியாதா?

ப: ஃபிஃபா கேட்கலாம். அரசு தலையிட்டால் தடை, தலையிடாமல் குட்டிச்சுவரானால் ஃபிஃபாவே ஒரு சீரமைப்புக் குழுவை அனுப்பும். பாகிஸ்தான் இரண்டையும் பார்த்துவிட்டது. இலங்கைக்கு 2023 ஜனவரியில் தடை, ஆகஸ்டில் விடுதலை.

கே: அணி தோற்றால் யாரை மாற்றுவார்கள்?

ப: கோச்சை.

கே: வெறுங்காலோடு ஆட விடாததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லையாமே?

ப: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய கேப்டன் சைலேன் மன்னாவே பிற்காலத்தில் அதை மறுத்தார். சம்மேளனத்துக்கு அன்று ஒலிம்பிக்தான் பெரிசு, உலகக் கோப்பை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பழியைக் காலில் போட்டுவிட்டார்கள்.

கே: சம்மேளனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ப: ஃபிஃபா கொடுக்கும், அரசு கொஞ்சம் கொடுக்கும். பெரிய வரவு விளம்பர, ஒளிபரப்பு உரிமைகளை விற்பதில். 2010ல் ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் 15 வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு மொத்தமாக எழுதிக்கொடுத்தார்கள். 2014ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிறந்தது அந்த ஒப்பந்தத்தின் வயிற்றில்தான். ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிந்தது. அதற்கு முன்பே அடுத்த ஆளைத் தேடி டெண்டர் விட்டிருந்தார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட இல்லை. செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் அந்த வருஷம் தொடங்கவே இல்லை. வீட்டையே மொத்தக் குத்தகைக்கு விட்டவர் சமையல் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கே: ஆஃப்சைடு விதியை நம் சம்மேளனம் மாற்ற முடியுமா?

ப: முடியாது. விதிகளை எழுதும் சர்வதேச வாரியத்தில் 8 ஓட்டு. ஃபிஃபாவுக்கு 4, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தலா 1. ஒரு மாற்றத்துக்கு 6 தேவை. வட அயர்லாந்துக்கு இருக்கும் ஓட்டு பிரேசிலுக்கு இல்லை. நமக்கு எங்கே?

கே: நான் சம்மேளனத் தலைவராக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

ப: கோல் அடிக்கப் பழகி நேரத்தை வீணாக்காதீர்கள். 2025ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த புதிய விதிமுறையில் முன்னாள் வீரர், வீராங்கனைகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மாநிலச் சங்கம்தான் ராஜபாட்டை. அதற்குப் படி மாவட்டச் சங்கம். உங்கள் மாவட்டச் சங்கத்துக்குத் தேர்தல் எப்போது என்று விசாரியுங்கள். அறிவிப்பு எங்காவது ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.