மோஸ்ட் அர்ஜென்ட்காரர்

மோஸ்ட் அர்ஜென்ட்காரர் தருமபுரி மாவட்டத்து ஊர்ப் பிரமுகர்களில் ஒரு வகை. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என எல்லாப் பக்கமும் உண்டு. முழு உருவில் பார்க்க வேண்டுமானால் திங்கட்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அன்றுதான் மக்கள் குறைதீர்க்கும் நாள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை. பைக்குள் மனு நகல்கள் கட்டுக்கட்டாக இருக்கும். டீக்குச் சில்லறை மட்டும் இருக்காது.

பேச்செல்லாம் தமிழ்தான். விஷயத்துக்குக் கனம் கூட்டும்போது மட்டும் ஆங்கிலம் வரும். வெறும் ‘இம்பார்ட்டன்ட்’ என்றால் கேட்டவர் மறந்துவிடலாம். ‘வெரி இம்பார்ட்டன்ட்’ போனில் பேசும்போது, அதுவும் பக்கத்தில் நாலு பேர் இருந்தால். ‘அட்மோஸ்ட் இம்பார்ட்டன்ஸ்’ கலெக்டர் மனுவுக்கென்றே எடுத்து வைத்தது. டைப் அடிப்பவரிடம் சொல்லி அடிக்கோடும் போடவைப்பார்.

விஷயத்தின் எடைக்கும் சொல்லின் எடைக்கும் இங்கே சம்பந்தம் கிடையாது. நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடால் பல் கறைபட்ட ஊர்களுக்காக 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவருக்கு ‘இம்பார்ட்டன்ட்’. அதன் தெருக்குழாய் தன் வாசலை விட்டுப் பங்காளி வாசலில் நின்றுவிட்டது ‘அட்மோஸ்ட்’. 2019இல் அடிக்கல் நாட்டிய மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையை, “அதுவும் வேணும்தாங்க” என்று முடித்துவிடுவார். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் மூன்றாம் வரிக்கு இறங்கியதோ ‘வெரி சீரியஸ் மேட்டர்’. அதற்கு மட்டும் மனு போட இடமில்லை என்பது அவருடைய தீராத குறை.

மனு வாங்கும் இடத்தில்தான் சிக்கல்.

“என்னங்க பெரியவரே, விஷயம்?”

“மோஸ்ட் அர்ஜென்ட் சார்.”

“சரிங்க. எந்த டிபார்ட்மென்ட்?”

கம்ப்யூட்டர் பெயர் கேட்கிறது, ஊர் கேட்கிறது, துறை கேட்கிறது; அவசரத்துக்கு அதில் கட்டமே இல்லை. பின்னால் நிற்கும் ஆயா, “பட்டா வேணும் சாமி” என்று மூன்றே சொல்லில் முடித்து இவருக்குக் கிடைத்த அதே மாதிரி ரசீதோடு நகர்கிறார். அதைப் பார்த்ததும் இவர் முகம் கடுத்துவிடும்.

ரசீதை உடனே ஜெராக்ஸ் எடுப்பார். அடுத்த வாரம் ரிமைண்டர் போட வேண்டும். அதற்கு ‘அட்மோஸ்ட்’டைவிடப் பெரியதாக ஒன்று வேண்டும். ‘எக்ஸ்ட்ரீம்லி’ என்று எங்கோ காதில் விழுந்திருக்கிறது. டைப் அடிப்பவரிடம் அதற்கு ஸ்பெல்லிங் கேட்டுக்கொண்டு நிற்பார்.