சேதராப்பட்டு கம்ப்யூட்டர் விளைந்த கதை

துரைமார்கள் எல்லை பிரித்த அழகைப் பார்த்தால், குடித்துவிட்டுப் பாகப்பிரிவினை செய்த அண்ணன் தம்பிதான் ஞாபகத்துக்கு வருவார்கள். இந்த ஊர் பிரெஞ்சுக்காரனுக்கு, அடுத்த ஊர் இங்கிலீஷ்காரனுக்கு. புதுச்சேரிப் பக்கத்துச் சேதராப்பட்டு பிரெஞ்சு பங்கில் விழுந்தது. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைத்தான். எல்லைக்கோட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

அந்தக் கோட்டுக்கு 1993-இல் யோகம் அடித்தது. தொழிலில் பின்தங்கிய பகுதியில் ஆலை வைத்தால், முதல் 5 ஆண்டு லாபத்துக்கு வருமான வரி கிடையாது என்றது டெல்லி. பட்டியலில் நாகாலாந்து, சிக்கிம், லட்சத்தீவு, கூடவே புதுச்சேரி. சென்னைத் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருக்க, லட்சத்தீவில் போய்க் கடை விரிக்க முதலாளிக்கென்ன கிறுக்கா? மல்லாட்டை போட்ட சீமையில் எச்.சி.எல். கம்ப்யூட்டர் விளைந்தது. உதிரிபாகம் கப்பலில் வரும், நம் பிள்ளைகள் திருகாணி முடுக்குவார்கள், பெட்டி லாரி ஏறும். இதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி. கிண்டலில்லை, மாதச் சம்பளம் வந்ததே!

இங்கே முடுக்கிக்கொண்டிருக்கும்போதே, 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடி, கம்ப்யூட்டருக்கு இறக்குமதி வரியே வேண்டாம் என்றார்கள். மறுவருஷமே இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. 2005-க்குள் வரி பூஜ்யம். உள்ளூரில் செய்தாலும் சலுகை, வெளியூரிலிருந்து கொண்டுவந்தாலும் சலுகை! மாமியாரையும் மருமகளையும் ஒரே நாளில் மெச்சிய கெட்டிக்காரத்தனம் டெல்லிக்கு மட்டுமே வரும். சேதராப்பட்டை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஊரில் தலைவர் ஏது? புதுச்சேரியில் 1968-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே 2006-இல்தான்.

புது ஆலைக்கான வருமான வரிச் சலுகை 2004 மார்ச்சோடு முடிந்தது. அடுத்த வைத்தியம், சிறப்புப் பொருளாதார மண்டலம். 2005-ஆம் வருஷச் சட்டத்தை நம்பி சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சுமார் 750 ஏக்கரை வளைத்தார்கள். நிலம் போனது; மண்டலம் வரவில்லை. அங்கே மேயும் ஆடு மாடுகளுக்குத்தான் பொருளாதாரம் சிறந்தது.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து, தமிழ்நாட்டோடு மிச்சமிருந்த விற்பனை வரி வித்தியாசத்தையும் துடைத்தது. அதற்குள் சிக்காதவை மதுவும் பெட்ரோலும். ஆகவே மயிலம் சாலை வழியாக வரும் தமிழ்நாட்டு அன்பர்களே, டேங்கை இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வேலை கேட்டு வருவதானால், சிங்கப்பூரில் யார் எதில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.