சமைத்தால் போதுமா, சாப்பிட வேண்டாமா?

கேள்வி: வெயிலில் சமைத்துக்கொள்ளச் செடிக்குப் பசுங்கணிகம் இருக்கிறதே, பிறகு மைட்டோகாண்ட்ரியா எதற்கு?

பதில்: சமைத்ததைச் சாப்பிட வேண்டாமா? பசுங்கணிகம் ஆக்கிய சர்க்கரையை எரித்து, செல்லின் கைச்செலவுக்கு ஏடிபி என்ற ஆற்றல் நாணயத்தைத் தருவது மைட்டோகாண்ட்ரியாதான். இருட்டில் கிடக்கும் வேருக்கும், இரவில் இலைக்கும் அதுவே கதி. ‘அப்படியானால் பகலில் இலைக்கு அது தண்டச்சோறுதானே?’ என்று மடக்கலாம். அதன் புரதங்கள் வேறு கதை சொல்கின்றன. பட்டாணி இலையின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கிளைசின் டிகார்பாக்சிலேஸ் என்ற ஒரே நொதிக் கூட்டம். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி, கை தவறி ஆக்சிஜனைப் பிடித்துவிடும்போது, அந்தத் தவறிலிருந்து பிறக்கும் கிளைசினை மீட்டெடுப்பது இதன் வேலை. வெளிச்சத்தில்தான் இந்த வேலை மும்முரம். ஆகவே வெளிச்சம் காணாத வேரில் இந்த நொதி மிகக் குறைவு. வேலைக்கேற்ற ஆள், சிபாரிசு செல்லாது!

‘ஆற்றலை வீணடிக்கும் மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதியும் மைட்டோகாண்ட்ரியாவில்தானே இருக்கிறது?’ என்றால், உண்மைதான். எலக்ட்ரான்களைக் குறுக்கு வழியில் ஆக்சிஜனிடம் சேர்த்து, ஏடிபி ஆகியிருக்க வேண்டியதில் பெரும்பகுதியை அது வெப்பமாக விட்டுவிடுகிறது. ஆனால் குக்கர் விசிலடிப்பதை வீண் என்போமா? எலக்ட்ரான் நெரிசலில் நச்சு ஆக்சிஜன் பெருகாமல் காப்பது அந்தத் திறப்புதான். வெளியே 10 டிகிரிக் குளிரிலும் தாமரைப் பூ தன்னை 30 டிகிரியில் வைத்துக்கொள்வதும் அதன் கைவண்ணமே. சம்பாதிப்பது பசுங்கணிகம், குடும்பம் நடத்துவது மைட்டோகாண்ட்ரியா.