விடியுமுன் உப்பு

கேள்வி: வானொலியில் 2 டிகிரி என்றார்கள். அலுவலக பார்க்கிங்கில் காரைவிட்டு இறங்கியதும் கால் வழுக்கியது. பொய் சொன்னது வானொலியா, தரையா? (ஸ்கார்பரோ வாசகி)

பதில்: இரண்டும் உண்மையைத்தான் சொல்லின. வானொலி சொன்னது காற்றின் வெப்பநிலை. மேகமில்லாத இரவில் தார்த்தளம் தன் சூட்டையெல்லாம் வானத்தை நோக்கி விட்டுவிட்டு, காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துபோகும். காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே தரை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அதன்மேல் படியும் ஈரம் அப்படியே உறைந்துவிடும். அந்தப் படலம் மிக மெல்லியது, நிறமற்றது. அதனால் அடியிலுள்ள தார்தான் கண்ணுக்குத் தெரியும். பார்க்கிங்கைப் பராமரிப்பவருக்கு வானிலைச் செய்தி மட்டும் போதாது. தரையின் வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: யாராவது விழுந்த பிறகுதான் எங்கள் மேலாளர் உப்பு வாளியைத் தேடுகிறார். உப்பு போடச் சரியான நேரம் எது? (லண்டன் வாசகர்)

பதில்: விழுவதற்கு முன்! பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. இரண்டு நேரங்களைச் சொல்கிறது: உறைபனி படியுமுன் மாலையில், ஊழியர்கள் வருமுன் அதிகாலையில். உப்பு தூவிய உடனே வேலை செய்யாது. ஈரத்தில் கரைந்து உப்புநீராக அதற்கு நேரம் வேண்டும். கனமழையில் போட்டால் கழுவிக்கொண்டு போய்விடும்.

'ஊழியர்கள் வருமுன்' என்றால் எந்த ஊழியர்? மேலாளர் 9 மணிக்கு வருவார். அதற்குள் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கும். துப்புரவுப் பணியாளரும் சமையற்கூடத்து ஆட்களும் இருட்டிலேயே வந்துவிடுகிறார்கள். அந்தத் தரையில் முதலில் கால் வைப்பவர்கள் அவர்கள்தான். உப்புக்கான நேரத்தை அவர்களின் வருகையை வைத்தே குறிக்க வேண்டும். இது சின்ன ஆபத்தல்ல: அமெரிக்காவில் 2014இல் மட்டும் பனியாலும் பனிக்கட்டியாலும் காயப்பட்டு ஒரு நாளாவது வேலைக்குப் போக முடியாதவர்கள் 42,480 பேர் என்கிறது அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம்.

கேள்வி: உணவில் உப்பு கூடினால் ரத்த அழுத்தம். பார்க்கிங்கில் கூடினால்? (மினியாபொலிஸ் வாசகி)

பதில்: ஏரிக்கு ஆபத்து. ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 19 லிட்டர் தண்ணீரை நிரந்தரமாகக் கெடுக்கும் என்று உங்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கிறது. அதுவுமல்லாமல், மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பை எவ்வளவு கொட்டினாலும் பெரிய பலன் இருக்காது. அங்கே கால்சியம் குளோரைடு உதவும். மணல் பனியை உருக்காது, ஆனால் காலுக்குப் பிடிப்புத் தரும்.

வழக்குக்குப் பயந்துதான் பல ஒப்பந்தக்காரர்கள் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இதற்கு நல்ல வழி கண்டது. அளவாக உப்பிடப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய ஒப்பந்தக்காரருக்கு, வழுக்கி விழும் வழக்குகளில் ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு. பயத்தைக் குறைத்தால் உப்பும் குறையும் என்ற இந்த யோசனையை மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பனியை வாரி ஓரத்தில் மலையாகக் குவித்தாயிற்று. வேலை முடிந்ததுதானே? (பாஸ்டன் வாசகர்)

பதில்: பகலில் அந்த மலை உருகும், தண்ணீர் சரிவில் ஓடும், இரவில் உறையும். அதனால் தாழ்வான பக்கத்தில், வடிகாலுக்கு அருகே குவியுங்கள். உங்கள் மாசசூசெட்ஸிலேயே கடை பார்க்கிங் ஒன்றில் ஒதுக்கிய பனிக்குவியலிலிருந்து வந்த பனிக்கட்டியில் ஒருவர் வழுக்கி விழுந்தார். இயற்கையாகச் சேர்ந்த பனிக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்ற பழைய விதியை, 2010இல் அந்த வழக்கில்தான் மாநில உச்ச நீதிமன்றம் கைவிட்டது.

கேள்வி: ஊழியர்களே நல்ல பூட்ஸ் போட்டு, பென்குயின்போல நடந்தால் போதாதா? (கிளாஸ்கோ வாசகர்)

பதில்: பென்குயின் நடை நல்லதுதான்: சிறு அடி, கால் தட்டையாக, உடல் சற்று முன்சாய்ந்து. ஆனால் பொறுப்பு பென்குயின்மேல் மட்டும் விழக்கூடாது. 2010 டிசம்பரில் உங்கள் ஊரில்தான், வீடு தேடிச் சென்று நோயாளியைக் கவனிக்கும் பெண் ஒருவர் பனிபடிந்த பாதையில் விழுந்து மணிக்கட்டில் காயமடைந்தார். தகுந்த காலணி அணியுங்கள் என்று நிறுவனம் அறிவுரை சொல்லியிருந்தது. காலணியில் மாட்டும் வழுக்கல் தடுப்பானைத் தரவில்லை. 2016இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கமே தீர்ப்பளித்தது.

கேள்வி: மனைவியை வேலையிலிருந்து அழைத்துவரப் போய், அந்த பார்க்கிங்கில் விழுந்தேன். வழக்குப் போடுவதானால் பார்க்கிங்கின் பொறுப்பாளருக்கு எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? (மார்க்கம் வாசகர்)

பதில்: 60 நாள். இடம், தேதி, நேரம் குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். 2021 ஜனவரி 29 முதல் ஒன்ராறியோ சட்டம் இது.

கேள்வி: உப்பே இல்லாமல் பனியை உருக்க முடியாதா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: முடியும். மிச்சிகனின் ஹாலந்து நகரம் 1988 முதல் நடைபாதைகளுக்கு அடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டுகிறது. சிறிய அலுவலகத்துக்கு அந்தச் செலவு கட்டாது. அங்கே பாதி பார்க்கிங்கைக் கயிறு கட்டி மூடிவிட்டு, கார் நிற்கும் வரிசையிலிருந்து வாசல்வரை ஒரே ஒரு பாதையை முழுமையாகச் சுத்தம் செய்து, உப்பிட்டு, விளக்குப் போட்டு வைத்தால் போதும்.